பாகு கசக்கும் நாக்கு

பிப்ரவரி 9

வாண்டு,

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாயாம். உன் அண்ணிதான் சொன்னாள். அவள் போனிலிருந்து பேசலாம் என்றால், "அண்ணன் தங்கச்சி சண்டைக்கு என் போனை இழுக்காதீங்க, பேப்பர் இருக்கு, பேனா இருக்கு" என்கிறாள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை காலை சுகாதார அதிகாரி பேக்கரிக்கு வந்தார். முன்பக்கக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தார், குறையில்லை. மாவு மேசையை விரலால் தடவிப் பார்த்தார், அதிலும் குறையில்லை. நானும் நிம்மதியாக டீ வாங்கி வரச் சொன்னேன். அப்புறம் அவர், மாவு பொங்க வைக்கிற அலமாரியைத் தோளால் முட்டி நகர்த்தினார். பின்னால் இருந்த சுவரும் நகர்ந்தது. அவ்வளவு கரப்பான்.

"டீ வேண்டாம்" என்றார்.

மார்ச் கடைசி வாரத்தில் மறுபடி வருவார். அன்று உயிரோடு ஒரு கரப்பான் கண்ணில் பட்டாலும் அடுப்புக்குச் சீல். சீல் வைத்த பேக்கரியில் அப்புறம் யார் ரொட்டி வாங்குவார்கள்? அடுப்பு திரும்பக் கிடைத்தாலும் ஆள் வர மாட்டார்கள்.

நீ போன பிறகு இரண்டு பூச்சி மருந்துக் கம்பெனிக்காரர்களை அழைத்துப் பார்த்துவிட்டேன். மாவு கிடக்கும் இடத்தில் மருந்துப் புகை போட முடியாது என்று அவர்களும் உன்னைப் போலவே, பூச்சி தின்று சாகிற மருந்து ஜெல்தான் வைத்தார்கள். பூச்சிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய் வருகின்றன. ஆகவே, உன் ஜெல்லில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நான் அன்றைக்குச் சொன்னது... சரி, அதை அப்புறம் பேசலாம். நீ வைத்த மருந்தில் பூச்சி சாகவில்லை என்பதும் பொய் இல்லையே.

ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ.

அண்ணன்

*

பிப்ரவரி 15

பேக்கரி உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்னால் வர இயலாது. இந்தத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் சமையலறைகளுக்குப் பூச்சி மருந்து வைக்கும் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

ஏன் இங்கே வந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். அன்று உங்கள் பேக்கரியில் அடுப்புக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பேக்கிங் அக்காக்கள் நின்றார்கள். ரொட்டி எடுக்க வந்த வண்டிக்காரரும் நின்றார். நீங்கள் சொன்னீர்கள்: "வீட்டு ஆளே மருந்துல தண்ணி கலந்தா நான் யார்கிட்ட போய் அழறது?" அந்தத் தெருவில் எனக்கு மருந்து வைக்கக் கொடுத்திருந்த மற்ற கடைகளில் இந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

உங்கள் பேக்கரிக்கு வருடக்கணக்காக ஒரே ஜெல்தான் செய்தேன். மருந்து என்னுடையது. அதைக் குழைக்கிற பாகு உங்களுடையது. "வெளியில எதுக்கு வாங்குற, கேக் பழம் ஊற வெச்ச குளுக்கோஸ் பாகு சும்மாதானே மிஞ்சுது" என்று டப்பாவில் ஊற்றிக் கொடுத்தது நீங்கள்தான்.

இன்னொரு விஷயம். அன்று திரும்ப எடுத்து வந்த அதே டப்பா ஜெல் என்னிடம் மிச்சமிருந்தது. போன வாரம் ஒரு கப்பல் சமையலறையில் அதைத்தான் வைத்தேன். மறுநாள் செத்த கரப்பானைக் கூட்டி அள்ள வாளி போதவில்லை. தண்ணீர் கலந்த மருந்து கப்பலில் மட்டும் எப்படி வேலை செய்யும்? இந்தக் கேள்விக்காக மட்டுமே பதில் எழுதுகிறேன்.

உங்கள் கரப்பான்களில் கொஞ்சத்தை உயிரோடு அனுப்புங்கள். வாயகன்ற பாட்டிலின் உள்கழுத்தில் வெண்ணெய் தடவுங்கள், ஏற முடியாது. உள்ளே ஒரு துண்டு ரொட்டியும் நனைத்த பஞ்சும் போடுங்கள். மூடியில் ஊசித் துளை போடுங்கள். வாலில் முட்டைப் பை சுமக்கிற பெண் பூச்சிகள் அவசியம் வேண்டும். அது சின்ன அவரை விதை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும்.

கோபம் வேறு, வேலை வேறு.

பூச்சி மருந்து வேலை செய்பவள்

*

பிப்ரவரி 22

வாண்டு,

"அவர்கள்", "நீங்கள்" எல்லாம் படித்தேன். அண்ணிக்கும் வாசித்துக் காட்டினேன். "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்றாள். அவள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பாட்டில் பார்சலில் வருகிறது. இந்தக் கடிதத்தைப் படிக்காமல் அதைத் திறந்துவிடாதே. பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முப்பது வருடம் மாவு பிசைந்த கை, ஒரு கரப்பானை நசுக்காமல் பிடிக்கத் தெரியவில்லை. பேக்கிங் அக்காக்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "முதலாளி, மெதுவா, அது புள்ளத்தாச்சி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரிக்க, நான் அலமாரி மூலையில் தலையை இடித்துக்கொண்டேன்.

உனக்குப் பயன்படும் ஒன்றைப் பார்த்தேன். சாமான் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கம்பெனிக்காரர்கள் வைத்த ஜெல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கதவிடுக்கு வெளிச்சம் போதுமானதாக இருந்தது. ஒன்று வந்தது. மீசையால் தொட்டது. வாயை வைத்தது. உடனே பச்சை மிளகாயைக் கடித்தவன் மாதிரி பின்னால் துள்ளியது. முன்னங்காலால் வாயைத் துடைத்தது, வாண்டு! துடைத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. அடுத்து வந்ததும் அப்படியே.

எனக்குத் தோன்றுவது இதுதான். அதுங்களுக்குப் புத்தி வந்துவிட்டது. மருந்து எது என்று கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அடுப்புக்காரரோ, "நம்ம கரப்பானுக்கெல்லாம் சக்கரை வியாதி முதலாளி, டாக்டர் இனிப்பு கூடாதுன்னுட்டார்" என்கிறார்.

பாட்டிலை ஜாக்கிரதையாகத் திற. நாட்கள் ஓடுகின்றன.

அண்ணன்

*

மார்ச் 3

அண்ணனுக்கு,

பாட்டில் வந்தது. ஒன்றிரண்டு தவிர எல்லாம் உயிரோடு இருந்தன. இங்கே எங்கள் மருந்துக் கிடங்கில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் உன் கரப்பான், இன்னொரு பக்கம் கப்பல் கரப்பான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கலந்துவிட்டால் பிரிக்க என்னாலேயே முடியாது.

முதலில் மருந்தை மட்டும் கொஞ்சம் வேர்க்கடலை விழுதில் குழைத்து வைத்தேன். இரண்டு கூட்டமும் தின்றன, இரண்டும் செத்தன. உன் பூச்சிகளுக்கு மருந்து தெரியவும் இல்லை, அதைத் தாங்கும் பலமும் இல்லை. அடுத்து, மருந்தே இல்லாமல் வெறும் குளுக்கோஸ் பாகை வைத்தேன். கப்பல் பூச்சிகள் மொய்த்தன. உன்னுடையவை வாய் வைத்தன, துள்ளின, துடைத்துக்கொண்டன. நீ எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. கம்பெனிக்காரர்களின் ஜெல்லிலும் இதே குளுக்கோஸ்தான் இருக்கிறது.

அண்ணா, அவை ஓடுவது மருந்தைக் கண்டு இல்லை. இனிப்பைக் கண்டு.

புத்தி வந்துவிட்டது, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது என்று எழுதியிருந்தாய். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்குத்தான் முட்டைப் பை கேட்டேன். வியாழக்கிழமை ஒரு பை பிரிந்தது. வெள்ளை வெளேரென்று, அரிசிக் குருணை அளவில் குஞ்சுகள். தாயின் நிழல்கூடப் படாமல் வேறு பாட்டிலில் போட்டேன். அவை ஜெல்லைப் பார்த்ததில்லை. இன்னொரு கரப்பான் செத்து விழுந்ததைப் பார்த்ததில்லை. யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழுப்பு நிறத்துக்கு வந்ததும் ஒரு சொட்டுப் பாகு வைத்தேன். வாய் வைத்த குஞ்சு பின்னால் துள்ளியது.

கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். அந்தக் குஞ்சு முகத்தைத் திருப்பிய போதுதான் படித்தது என்னவென்று புரிந்தது.

நடந்தது இதுதான். எந்தக் கூட்டத்திலும் எல்லாம் ஒரே மாதிரி பிறப்பதில்லை. நம் வீட்டில் உனக்குச் சுருட்டை முடி, எனக்குக் கம்பி முடி. உன் அலமாரிக்குப் பின்னால் எப்போதோ ஒன்றிரண்டு கரப்பான்கள் கோளாறான நாக்கோடு பிறந்திருக்கின்றன. நாக்கு என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அவற்றுக்கு வாயோரத்தில் நுண்ணிய மயிர்கள் உண்டு, ருசி அதில். இனிப்பை அறிய வேண்டிய மயிரில் கசப்பை அறியும் நரம்பும் குளுக்கோஸுக்குச் சிலிர்த்துக்கொள்கிறது. பேக்கரியில் பிறந்துவிட்டு இனிப்பு கசந்தால் அது சாபம். மற்றவை கேக் தூளைத் தின்று கொழுக்க, இவை மெலிந்து, மெதுவாக வளர்ந்து, ஓரத்தில் கிடந்திருக்கும்.

அப்போது நான் ஜெல்லோடு வந்தேன். இனிப்பு பிடித்த அத்தனையும் தின்று செத்தன. ஓரத்தில் கிடந்தது மட்டும் துப்பிவிட்டுப் பிழைத்தது. அதன் பிள்ளைகளுக்கு அதே நாக்கு. அடுத்த தடவையும் அதே பாகில் ஜெல். அடுத்த தடவையும். நீ மாவு சலிப்பதை நினைத்துக்கொள். சல்லடை எதையும் புதிதாகச் செய்வதில்லை, ஏற்கெனவே இருப்பதில் எது தங்கும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. நாம் ஒரே சல்லடையால் வருடக்கணக்காகச் சலித்தோம். தங்கியது அத்தனையும் துப்புகிற கூட்டம்.

அவற்றில் ஒன்றுகூட எதையும் யோசிக்கவில்லை, அண்ணா. யோசிக்காமலே என்னைத் தோற்கடித்திருக்கிறது. என் தொழிலில் இப்படி ஒரு அழகைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

தங்கை

*

மார்ச் 8

வாண்டு,

உன் கடிதத்தை டீ இடைவேளையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். ரொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். குஞ்சு முகத்தைத் திருப்பிய இடத்தில் யாரும் டீயை உறிஞ்சக்கூட இல்லை. பேக்கிங் அக்கா, "இனிப்பு பிடிக்காம இந்த வீட்டுல வந்து பொறந்து, என்ன பாடுபட்டுச்சோ பாவம்" என்று உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி, "பாவமா? நாளைக்கு சீல் வெச்சா நம்ம நிலைமைதான் பாவம்" என்றாள்.

எனக்குமே ஒரு மாதிரி பெருமையாக இருக்கிறது. சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ஊரில் எத்தனையோ கரப்பான், நம் கடைக் கரப்பானுக்குத்தான் இந்தச் சாமர்த்தியம்.

ஒரு சந்தேகம். முப்பது வருடமாக இந்தப் பாகு வாசத்தில் நின்று எனக்கு இனிப்பைக் கண்டாலே குமட்டுகிறது. என் பையனுக்கு ஏன் அந்த வெறுப்பு வரவில்லை? கிரீமை விரலால் வழித்து நக்குகிறான்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். நான் வாசித்து முடித்ததும் அடுப்புக்காரர் கேட்டார்: "அப்ப தங்கச்சிம்மா தண்ணி கலக்கலையா முதலாளி?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கடிதத்தை மடித்தேன். "மாவு பொங்கியிருக்கும், பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தேன். மாவு பொங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். அவர்தான் அதை உள்ளே வைத்தவர்.

பாகு கொடுத்தவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று நினைத்தேன். நீயும் அண்ணன் கொடுத்தானே என்று வேறு எதையும் போட்டுப் பார்க்கவில்லை. அப்படியானால் இந்தக் கூட்டத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வளர்த்திருக்கிறோம்.

இனிப்பில்லாத ஜெல் ஒன்று செய்து அனுப்ப முடியுமா? அதிகாரி வருவதற்கு இருப்பது மூன்று வாரம்.

அண்ணன்

*

மார்ச் 14

அண்ணா,

முதலில் உன் பையன். நீ அலுத்துப்போனது உன்னோடு நிற்கும். அது பிள்ளைக்குப் போகாது. பிறக்கும்போதே உடம்பில் எழுதி வந்ததுதான் போகும். கிரீம் தின்கிற பிள்ளைகள் எல்லாம் சாக, தின்னாத பிள்ளைகள் மட்டும் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டால்தான் இனிப்பு வெறுக்கிற வம்சம் வரும். அவன் நன்றாக நக்கட்டும்.

ஜெல் அவ்வளவு சுலபமாக வரவில்லை. சர்க்கரைதானே கூடாது, மாவில் குழைப்போம் என்று ரொட்டி மாவில் செய்தேன். உன் பூச்சிகள் வந்தன, ஆசையாக வாய் வைத்தன, கொஞ்சம் மென்றன. எனக்குக் கை தட்டத் தோன்றியது. அதற்குள் துப்பிவிட்டன! ஒரு துண்டு வெறும் ரொட்டியை விழுங்காமல் மென்றுகொண்டே இரு, மெல்ல இனிக்கும். எச்சில் மாவைச் சர்க்கரையாக்கிவிடுகிறது. கரப்பானுக்கும் அப்படித்தான். தன் எச்சிலே தன் வாயைக் கசக்க வைக்கிறது.

இதே தொல்லை அவற்றின் குடும்பத்துக்குள்ளும் இருக்கிறது. ஆண் பூச்சி இறக்கையைத் தூக்கி முதுகில் ஊறும் தித்திப்பான ஒன்றைக் காட்டும். பெண் அதை நக்க ஏறும். அவள் நக்கிக்கொண்டிருக்கும்போதுதான் காரியம் நடக்க வேண்டும். உன் அலமாரிப் பெண்கள் ஏறுகிறார்கள், நக்குகிறார்கள், அந்தத் தித்திப்பு எச்சில் பட்டுக் கசந்ததும் இறங்கி ஓடிவிடுகிறார்கள். நீ அண்ணிக்கு முதல் முதலாகக் கேக் கொண்டுபோய் நீட்ட, அவள் அதை உன் சட்டையிலேயே துப்பியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு எப்படி இத்தனை பெருகின என்று உட்கார்ந்து பார்த்தேன். சில ஆண்கள் அவசரக்காரர்கள். அவள் துப்புவதற்குள் முடித்துவிடுகிறார்கள். அந்த அவசரக்காரர்களின் பிள்ளைகள்தான் உன் சுவரில் நிற்பவை. அங்கேயும் ஒரு சல்லடை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைசியில் முதலில் சோதித்த வேர்க்கடலை விழுதுக்கே திரும்பினேன். அதில் முட்டை வெள்ளைக்கருப் பொடியும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்தேன். சர்க்கரை துளிகூட இல்லை. தின்கின்றன. நின்று, நிதானமாக, மீசையை ஆட்டிக்கொண்டு தின்கின்றன. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

டப்பாக்கள் இதனுடன் வருகின்றன. அலமாரிப் பின்புறம், அடுப்பின் செங்கல் இடுக்கு, மாவு மெஷினின் மோட்டார் மூடி, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை. இந்த இடங்களில் பட்டாணி அளவு வை, அதற்கு மேல் வேண்டாம். முதலில் எண்ணெய்ப் பிசுக்கையும் காய்ந்த மாவையும் சுரண்டி எடுத்துவிடு. வேறு சாப்பாடு கிடைத்தால் இதற்கு வராது. ஜெல் வைக்காத மற்ற இடுக்குகளைச் சுண்ணாம்பு பூசி அடை.

டப்பா வருகிறது. நான் வரவில்லை. அடுப்புக்காரர் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

தங்கை

*

ஏப்ரல் 1

வாண்டு,

நேற்று அதிகாரி வந்துவிட்டுப் போனார். முதலிலிருந்து சொல்கிறேன்.

டப்பா வந்த அன்றே அடுப்பை அணைத்துவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தோம். மாவு மெஷினுக்கு அடியில் கல்லாக இறுகிப்போன மாவு, என் முதல் வருடத்து மாவாகக்கூட இருக்கலாம். நானே முட்டி போட்டு ஜெல் வைத்தேன். "பட்டாணி அளவுன்னு எழுதியிருக்கு, நீங்க எலுமிச்சம்பழம் வைக்கிறீங்க" என்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்காரர் பின்னாலேயே வந்தார். மறுநாள் கதவைத் திறந்ததும் தரை முழுக்கக் கரப்பான், மல்லாந்து. அதற்கடுத்த நாள் அதைவிட அதிகம். ஒரு வாரத்தில் குறைந்தது, அப்புறம் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்று சொன்னால் சிரிப்பாய். கூட்டி அள்ளும்போது எனக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்து வந்த கூட்டம்!

அதிகாரி நேராக அலமாரிக்குத்தான் போனார். தோளால் முட்டினார். நாங்கள் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அலமாரி நகர்ந்தது. சுவர் சுவராகவே நின்றது. டார்ச் அடித்தார், குழாய் ஓட்டையில் கம்பி விட்டுக் கிளறினார், மோட்டார் மூடியைக் கழற்றச் சொன்னார். ஒரு கரப்பானின் கால்கூடக் கிடைக்கவில்லை.

எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே, "என்ன மருந்து?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "மருந்து என் தங்கச்சியோடது சார். போன வருஷம் இதே இடத்துல நின்னு, இவங்க எல்லாரும் இருக்கும்போது, அவ மருந்துல தண்ணி கலந்துட்டான்னு சொன்னேன். அவ கலக்கல. எனக்குப் புரியாத ஒன்னுக்கு அவ மேல பழியைப் போட்டுட்டேன். ஜெல் வெக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், வாய் வரல."

அவர் என்னைப் பார்த்தார், அடுப்புக்காரரைப் பார்த்தார். "நான் மருந்தோட பேரைத்தான் கேட்டேன்" என்றார்.

பேக்கிங் அக்காக்கள் சிரித்ததில் மாவுத் தூள் பறந்தது. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீயும் குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் தெருவில் உனக்கு மருந்து வேலை கொடுத்திருந்த ஒவ்வொரு கடைக்கும் நானே நடந்து போய் அதே விஷயத்தைச் சொன்னேன். கடைசிக் கடையில் சொல்லும்போது கொஞ்சம் பழகிவிட்டது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி உன் விருப்பம்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணா,

கடிதத்தைக் கிடங்கில் நின்றபடியே படித்தேன். கூட வேலை செய்கிறவள், "என்ன, கண்ணுல மருந்து பட்டுடுச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சந்தோஷப்படு, ஆனால் கரப்பான் ஒழிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே. டார்ச் வெளிச்சம் எட்டாத ஏதோ ஒரு இடுக்கில் இப்போது ஒன்று உட்கார்ந்திருக்கும். எல்லாம் வேர்க்கடலையைத் தேடிப் போனபோது, வேர்க்கடலை வாசம் பிடிக்காமல் ஒதுங்கி நின்ற ஒன்று. போன மாதம் வரை அதுவும் ஓரத்தில் மெலிந்து கிடந்ததாகத்தான் இருக்கும். இப்போது முழு பேக்கரியும் அதனுடையது. அதன் வாலில் ஒரு முட்டைப் பை இருந்தால், உள்ளே அதன் நாக்கோடு முப்பது நாற்பது பேர் வரிசையாகக் காத்திருப்பார்கள்.

ஆகவே ஒரே ஜெல்லை இனி வைக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ருசியை மாற்ற வேண்டும், மருந்தையும் மாற்ற வேண்டும். எதற்கு மாற்றுவது என்பது அப்போது தங்கியிருப்பவை எதைத் தின்கின்றன என்பதைப் பொறுத்தது. அதை எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. உன் சாமான் அறையில் விளக்கை அணைத்துவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். நாம் எவ்வளவு மாற்றினாலும் அதில் தங்கும் ஒன்று பிறந்துகொண்டேதான் இருக்கும். இந்த வேலைக்கு முடிவே கிடையாது, அண்ணா.

ஜூன் முதல் வாரம் வருகிறேன். அப்புறம் செப்டம்பரில். அப்புறம் டிசம்பரில்.

வாண்டு